அடைக்கோழிக்குக் கீழே ஒரு ஜப்பான் தொட்டி

காலை 6.10. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. மரக்காணம் வண்டி. டிக்கெட் முப்பது ரூபாய். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். எனக்கு அது முந்நூறு மாதிரி இருந்தது.

முந்தின நாள் தாமு ஒரு படம் அனுப்பியிருந்தான். உப்பு லாரி ஓட்டுகிறவன். லோடு ஏற்றப் போன இடத்தில் ஓர் அடைக்கோழியைப் படம் எடுத்திருக்கிறான். "சுத்த நாட்டுக்கோழி மேஸ்திரி, குஞ்சு வேணுமா?" என்று கேட்டிருந்தான். நான் கோழியைப் பார்க்கவில்லை. அது உட்கார்ந்திருந்த தொட்டியைப் பார்த்தேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அப்புறம் எங்கே தூக்கம்.

நான் கொத்தனார். எட்டாவது வரை படித்தேன். ஒரு டாக்டர் வீட்டு மாடியில் டைல்ஸ் போட்டபோது முதல் முதலாகப் போன்சாய் மரம் பார்த்தேன். மரத்தைவிடத் தொட்டி பிடித்துப்போயிற்று. பதினாறு வருடமாகத் தொட்டி சேர்க்கிறேன். ஜப்பானில் கையால் செய்தது, பீங்கான் மாதிரி பளபளப்புப் பூச்சு இல்லாத வெறும் சுட்ட மண், அதைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். தொட்டதில்லை.

7.30. மரக்காணம். தாமு பைக்கோடு நின்றான். டீ பன்னிரண்டு ரூபாய். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

"கோழி பாக்க இவ்ளோ அவசரமா வந்த ஆளு நீதான் மேஸ்திரி."

"வண்டிய எடு."

ஈசிஆர் ரோட்டிலிருந்து உப்பளத்துக்குள் மண்பாதை இரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பாத்தி. பலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி ஆகவில்லை, வெள்ளை கண்ணைக் குத்தியது. உதட்டை நக்கினால் கரித்தது.

8.00. கன்னியம்மா வீடு. ஓடு போட்ட ஒரே அறை. உப்பளத்து வேலைக்குப் போகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மூலையில் இரண்டு செங்கல். செங்கல் மேல் தொட்டி. தொட்டி நிறைய வைக்கோல். வைக்கோல் மேல் கோழி.

குனிந்து பார்த்தேன். பதினாறு அங்குலம் நீளம். செம்பழுப்பு. விளிம்பு உள்பக்கம் லேசாக மடங்கியிருந்தது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்காது. மெஷினில் செய்த தொட்டியில் நிற்கும். மூலையில் விரல் அழுத்தின தடம்.

"ஏதும்மா இது?"

"வெளிநாட்டுக்காரங்க தங்குவாங்களே, இடையஞ்சாவடி, அங்க ஒரு ஜப்பான்கார அம்மா ஊட்ல வேல செஞ்சேன்ணா. ஊருக்குப் போவசொல்ல குடுத்துட்டுப் போச்சு. அதுல இருந்த செடி செத்துப்போச்சு. சட்டியில பொத்தல் வேற. சோறா வடிக்க முடியும்? கோழிக்கு வெச்சிட்டேன்."

செய்தவர் முத்திரை அடியில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் எதுவும் நிச்சயமில்லை.

"ஒரு நிமிஷம் தூக்கிப் பாக்கலாமா?"

"ஐயய்யோ! தொடாதீங்கண்ணா. பன்னெண்டு நாளா உக்காந்திருக்குது. ஆட்டுனா முட்ட கூமுட்டையாயிடும். ஒம்போது நாள் கழிச்சு வாங்க."

ஒன்பது நாள் என்னால் முடியாது. தரையில் மல்லாந்து படுத்தேன். போனில் லைட்டைப் போட்டு, இரண்டு செங்கலுக்கும் நடுவில் கையை விட்டேன். கோழி குனிந்து மணிக்கட்டில் ஒரு கொத்து.

"குத்துடி, நல்லாக் குத்து," என்றான் தாமு.

முதல் படம் இருட்டு. இரண்டாவதில் ஓட்டை வழியே வைக்கோல். மூன்றாவதற்குள் இன்னும் ஒரு கொத்து. ரத்தமே வந்துவிட்டது. மூன்றாவதில் சதுர முத்திரை. உள்ளே இரண்டு எழுத்து.

எழுந்து உட்கார்ந்தேன். தொட்டி சேர்ப்பவர்கள் குழுவில் படத்தைப் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார். 'கைவேலை. ஜப்பான்ல டோக்கோநாமே ஊர் சூளை மாதிரி தெரியுது. விடாதீங்க.'

"அப்படி இன்னா இருக்குது இதுல?" என்றார் கன்னியம்மா.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"பூச்சு இருந்தா வாங்குன அன்னிக்கு எப்படியோ, அப்படியேதான் இருக்கும். இது அப்படி இல்லம்மா. தண்ணி பட, கை பட, வருஷம் போகப் போக நெறம் ஏறும். அந்த நெறத்துக்காகவே தேடி அலையறாங்க. இந்தத் தொட்டிக் கால்ல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு பாரு. செங்கல் சுவத்துலயும் இப்படித்தான் பூக்கும். ஈரம் உள்ள இருந்து வெளிய வருதுன்னு அர்த்தம். மண்ணு மூச்சு விடுது. உள்ள வேர்க்காது, அழுகாது. வேர் பத்திரமா இருக்கும்."

கன்னியம்மா தொட்டியையே பார்த்தார்.

"என் கையில ஆறாயிரம் இருக்கு. வெளிய வித்தா இன்னும் கூடப் போகும். மறைக்க மாட்டேன்."

"ஆறாயிரமா?" தாமு எழுந்தே விட்டான். "யக்கா, நான் கோழியத் தூக்கறேன், நீ காச வாங்கு."

"சும்மா இருடா. அண்ணா, இதுல இன்னா மரம் வெப்பீங்க?"

"புளிய மரம். ஒன்றரை அடி. பதினெட்டு வயசு."

"பதினெட்டு வருஷமா சோறே போடலியா அதுக்கு?"

சிரித்தார். நானும் சிரித்தேன். கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் சொன்னார்: "முன்ன அலுமினிய பேசின்ல அடை வெப்பேன். பன்னெண்டு முட்டைக்கு அஞ்சு கூமுட்ட. இதுல ரெண்டு வாட்டி வெச்சேன். ஒண்ணுகூட வீணாவல. சட்டி ராசின்னு நெனச்சேன். ராசின்னா, போனாப் போவுதுன்னு குடுத்திருப்பேன். நீங்க காரணத்தையே சொல்லிட்டீங்களே. வேர்க்காது, அழுகாதுன்னு. இனிமே எப்படிக் குடுப்பேன்?"

"வேற மண் தொட்டி வாங்கித் தர்றேன்மா."

"அதுல உக்காருமான்னு கோழிகிட்ட கேளுங்க."

கேட்டால் மூன்றாவது கொத்து விழும். கேட்கவில்லை.

பகல் 11.00. கன்னியம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். காசு வாங்கவில்லை. ஆறாயிரமும் சட்டைப்பையில் அப்படியே இருந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"பொறிச்சதும் கோழி எறங்கிடும். சட்டி சும்மாதான் இருக்கும். வந்து தூக்கிப் பாருங்கண்ணா. கழுவித் தரட்டுமா?"

"ஐயோ, கழுவாதே. தேச்சா ஏறுன நெறம் போயிடும். அப்படியே வை."

"அதுவும் சரி."

பைக்கில் தாமு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "வாயத் தொறந்தே கெட்ட மேஸ்திரி. நாளெல்லாம் உம்முன்னு இருப்ப. இன்னிக்குப் பாத்து..."

"ஆமா."

பகல் 12.20. திண்டிவனம் வண்டி. ஜன்னல் சீட்டு. மூன்றாவது படத்தைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

என் வீட்டில் பதினான்கு தொட்டி இருக்கிறது. பதினொன்று வெறும் தொட்டி. பேப்பரில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். யாரும் தொடக்கூடாது. சில தொட்டியை நானே வருடக்கணக்கில் தொட்டதில்லை. கன்னியம்மாவிடம் இருப்பது ஒன்று. அதற்கு ஒரு நாள் லீவு கிடையாது.

பக்கத்து சீட்டுப் பெரியவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "இன்னாபா காயம்?"

"ஜப்பான் தொட்டிங்க."

அவருக்குப் புரியவில்லை. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

வேலை நடக்கிற கட்டடத்து இஞ்சினியருக்குப் போன் செய்தேன். பத்தாம் நாள் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். ஏன் என்றார். மரக்காணத்தில் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றேன். வாங்கவா என்றார்.

இல்லை. தூக்கிப் பார்க்கத்தான்.