அண்ணனின் கையைப் பார்க்காதவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாரத்தில் என் தையல் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தாணுமூர்த்தி அண்ணனின் மனைவி பகவதி அக்காவின் போன் வந்தது. "ஸ்டெல்லா, அண்ணன் போயிட்டாரு. அந்தக் கோட்டு உன் கடையிலதான கெடக்கு? எடுத்துக்கிட்டு வந்திரு" என்றார். ஆறு வருடமாகச் சுவரில் தொங்கிய அந்தக் கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி எடுத்தேன்.

தாணுமூர்த்தி அண்ணன் மேஜிக் செய்து பிழைத்தவர். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை விழா, கன்னியாகுமரி லாட்ஜுகளுக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். வேறு தொழில் கிடையாது. இருபது வருடங்களுக்கு முன் கோட்டு தைக்க என் கடைக்கு வந்தார். எங்கே எத்தனை பை வேண்டும் என்று சொல்லாமல் மேஜிக்காரருக்குக் கோட்டு தைக்க முடியாது. அதனால் அவருடைய ரகசியம் தெரிந்த ஒரே வெளியாள் நானானேன். "பை எங்கன இருக்குன்னு உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும், கேட்டியா மக்கா" என்றார். அந்தப் பைகளைப் பற்றி இதுவரை மூச்சு விட்டதில்லை, இங்கேயும் விடமாட்டேன். நான் வாய் தவறியது வேறொரு விஷயத்தில்.

மற்ற மேஜிக்காரர்கள் தலைப்பாகை கட்டி, பெயருக்கு முன்னால் புரொபசர் என்று போட்டுக்கொண்டார்கள். சாட்டின் துணி மிஞ்சிக் கிடக்கிறதே, ஒரு தலைப்பாகை தைத்துத் தரட்டுமா என்று நானும் ஒருமுறை கேட்டேன். "தலப்பா கெட்டுனா எனக்குப் பேச்சு வராது. நான் கல்யாணப் பெண்ணுக்க மாமன் மாதிரி பேசுத ஆளாக்கும்" என்றார். அவர் தேர்ந்தெடுத்த வித்தைகளும் ஒரு மாமன் செய்யக்கூடியவைதான்: கைக்குட்டை, கயிறு, சீட்டு, பந்து. பெண்ணைப் பெட்டியில் படுக்கவைத்து அறுப்பதைக் கேட்டு வருபவர்களிடம், "கல்யாண வீட்டுல வாளெடுத்து பொம்பளய வெட்டவா?" என்று சிரித்தே அனுப்பிவிடுவார். கோயில் கொடையில் வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைக்க மாட்டார். சர்ச்சில் தண்ணீரைச் சிவப்பாக்க மாட்டார். "அது அவங்க சாமிக்க வேல. அதுல நாம எதுக்குக் கை வைக்கணும்?" என்பார்.

எட்டு வருடங்களுக்கு முன் அவருடைய வலதுகை நடுங்கத் தொடங்கியது. கைநீளம் அளக்கும்போது டேப்பின் நுனி ஆடியது, அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. "டாக்டரு மாத்திர தந்திருக்காரு. யாருட்டயும் சொல்லாத. பாவம்னு நெனச்சு ஒருத்தன் கைதட்டுனா, அதோட நான் பெட்டியக் கெட்டி வச்சிருவேன்" என்றார். அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். அந்தப் பெட்டியை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

இதை எழுதலாமா என்று பகவதி அக்காவிடம் கேட்டேன். "இனி எழுது. அவரு ஜெயிச்சிட்டாருல்லா" என்றார். அந்தத் தைரியத்தில்தான் என் தப்பையும் எழுதுகிறேன்.

பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, தங்கள் சபை ஆண்டு விழாவுக்கு அண்ணனைக் கூப்பிடலாமா என்று கேட்டார். எப்படியாவது அவருக்கு அந்த நிகழ்ச்சி கிடைக்க வேண்டும் என்ற ஆசையில், "கை கொஞ்சம் நடுங்கும், பாவம். ஆனாலும் மனுசன் விடாம செய்யாரு" என்று சொல்லிவிட்டேன். தையல்காரியின் வாய்க்குப் பூட்டு ஏது!

விழா அன்று அண்ணன் மேடை ஏறியதும் சபைப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "சகோதரருக்க கை நடுக்கம் மாறணும்னு எல்லாரும் ஒரு நிமிசம் ஜெபிப்போம்" என்றார். அவர் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள். திறந்தபோது அத்தனை கண்ணும் அண்ணனின் வலதுகையில் இருந்தது. இரண்டாவது வித்தையிலேயே கைக்குட்டை கீழே விழுந்தது. உடனே எல்லாரும் முன்பைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன். திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் கோட்டோடு வந்தார். "உனக்க மேல கோவம் போச்சு. இத நீயே வச்சுக்க. எனக்கு ரெண்டு அரைக்கைச் சட்ட தச்சுத் தா, வெள்ளையில" என்றார். நான் அழுதேன். "அழாத பிள்ளே. மேஜிக்கு எனக்க கையிலதான் நடக்கணும்னு எவன் சொன்னான்?" என்றார்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் தன் வித்தைகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கழித்திருக்கிறார். தன் கையில் நடப்பவை எல்லாம் வெளியே போயின. பார்க்க வந்தவரின் கையில் நடப்பவை மட்டும் மிஞ்சின. பகவதி அக்காவின் உள்ளங்கையில்தான் பயிற்சி. சாம்பாருக்குக் காய் நறுக்கவிடாமல் கூப்பிடுவார் என்று அக்கா இப்போதும் குறை சொல்கிறார்.

மயிலாடியில் ஒரு கல்யாண வரவேற்பில் புதிய நிகழ்ச்சியைப் பார்த்தேன். பெண்ணின் சித்தப்பா முருகேசன் கல்லில் சிலை செய்பவர். அவரை மேடைக்குக் கூப்பிட்டு, உள்ளங்கையில் சிவப்புப் பஞ்சுப் பந்து ஒன்றை வைத்து மூடச் சொன்னார் அண்ணன். "கல்லு கொத்துத கையில்லா, ஓடிராம பிடிச்சுக்கிடும்" என்றார். கையைத் திறந்தால் இரண்டு பந்து! முருகேசன் போட்ட சத்தத்தில் பந்திக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். அவர் மேடையை விட்டுக் குதித்து ஒவ்வொருவரிடமும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு ஓடினார், கூட்டமும் அவர் பின்னால் போனது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று சிரித்தார்.

அதன்பின் ஆறு வருடம், போன மாதம்வரை மேடை ஏறினார். பாவம் என்று யாரும் கைதட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டில் பகவதி அக்கா கோட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். "இதப் போட்டு அனுப்பட்டா?" என்று கேட்டார். "வேண்டாம் அக்கா. அவருக்கு அரைக்கைச் சட்டதான் பிடிக்கும்" என்றேன். அந்தச் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன்.

மதியம் முருகேசன் வந்தார். முற்றத்தில் அண்ணனின் தலைமாட்டில் நின்றார். வெளியூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் என்னிடம், "கை நடுங்குமாமே, எப்பிடி மேஜிக் செஞ்சாரு?" என்று கேட்டார். முருகேசன்தான் திரும்பினார்.

"நடுக்கமா? நான் பாக்கல்லியே. நான் எனக்க கையயல்லா பாத்துக்கிட்டு நின்னேன்! அவரு ஒண்ணும் செய்யல்ல, கேட்டியளா. எனக்க கைக்குள்ளயாக்கும் எல்லாம் நடந்துது" என்று முஷ்டியை நீட்டி மெல்லத் திறந்து காட்டினார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அந்த வெறும் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணே, அந்த நேரத்தில் உங்கள் கையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அது நடுங்காமல் கிடந்தது. போய் வாருங்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.