கௌசலா மாட்டிய முகமூடி

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் சண்முகரத்தினத்தின் வீட்டுக்கு இரண்டு அறை. ஒன்றில் அவரும் மனைவி பூமணியும். மற்றதில் இரண்டாம் உலகப் போர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோதே பிடித்த பைத்தியம். சிப்பாய்களின் காயக்கட்டு, மருந்து வைத்த தகரப் பெட்டி, நச்சுவாயு முகமூடி என்று எங்கே கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார்.

"செத்தவன் சாமானெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்குங்க?" என்று பூமணி தலையில் அடித்துக்கொள்வாள். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு விருந்தழைக்கும் ஓப்பன் ஹவுஸ் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. முறுக்குத் தின்ன வந்த சீன, மலாய் நண்பர்கள் முன்னால் மகள் கௌசலா முகமூடி மாட்டிக் காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்தே வருஷம் தவறாமல் அவள்தான். "நல்லா மூச்சை இழும்மா" என்பார். இழுப்பாள். தகர வடிகட்டி உஸ்ஸென்று சத்தம் போடும். எல்லாரும் கைதட்டுவார்கள். இவர் படம் எடுப்பார்.

அந்தப் படம் ஒன்றைப் போன மாதம் பெருமையாகச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் உடனே எழுதினார்: இதை யாரும் மாட்டக் கூடாது, வடிகட்டிக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

சண்முகரத்தினம் ஷா ஆலத்தில் குடியிருந்த மகளை மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது.

"இப்ப ஒன்னும் இல்ல அங்கிள். வராமலே போகலாம். வந்தா இன்னும் பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"அதுக்குள்ள மருந்து ஏதாச்சும்?"

"இல்ல அங்கிள். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப நான் இருக்க மாட்டேனே டாக்டர்."

டாக்டர் பேச்சை மாற்றினார். "நீங்களும் மாட்டுனீங்களா? உங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாம்."

சண்முகரத்தினம் ஒருநாளும் மாட்டியதில்லை. படம் எடுக்க ஒருத்தர் வேண்டுமே.

முகமூடிகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டினார். குப்பை லோரிக்காரன் தொடமாட்டேன் என்றான். அறையைப் பூட்டிவிட்டார், வேறு என்ன செய்ய?

இப்போது தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன்.

"இருமல் இருக்காம்மா?"

"இல்லப்பா, விடுங்க லா."

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே இருமினாள்.

"சம்பல் வதக்குறேன்பா. மிளகாய் காரம்."

"ஜன்னலைத் திறந்து வைம்மா" என்றார். அவர் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.