அப்பாவின் உப்பு மாத்திரை

எங்கள் அப்பா பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஆறாவதோடு படிப்பு நின்றது. கணபதி என்ற ஊருக்கு வந்து லேத் பட்டறையில் சேர்ந்தார். அண்ணனையும் என்னையும் வளர்த்து ஆளாக்கினார். அம்மா போன பிறகு என் வீட்டில் இருந்தார். எண்பத்தேழு வயது.

அப்பா யாரையும் கடிந்து பேசியதில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மாதம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். பட்டறைச் சாமான்களை வழியில் போகிறவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்போது ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். "இதுவும் ஒரு வகை உப்புதானுங்க, பயப்படாதீங்க" என்றார். வீட்டில் அதற்கு உப்பு மாத்திரை என்றே பேர். நாற்பது வருஷம் அப்பா நன்றாக இருந்தார். பெண் எடுக்கக் கொடுக்க இடைஞ்சல் வரும் என்று வெளியில் யாருக்கும் சொல்லவில்லை.

போன வருஷம் காலில் வீக்கம். வேறு டாக்டரிடம் போனோம். நீர் பிரிய மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

தினம் சாப்பிடும் மாத்திரையே உப்புதானே, சாப்பாட்டில் சுத்தமாக வேண்டாம் என்று நானாக முடிவு செய்தேன்.

"ஏனம்மணி, ரசத்துல உப்பே இல்லையே?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்கப்பா."

"அப்ப இந்த ரசத்தை அவருக்கே கொண்டுபோய்க் குடு."

பத்து நாளில் கை நடுங்கியது. டம்ளர் பிடிக்க முடியவில்லை. என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். வயசு என்று நினைத்தேன். விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அண்ணன் அந்த உப்பு மாத்திரை அட்டையைக் காட்டினார். அது மனசை நிதானமாக வைக்கக் கொடுக்கும் லித்தியமாம். ரத்தத்தில் அளவு மீறிவிட்டது. உடம்பில் உப்பு குறைந்தால் அது வெளியே போகாமல் தங்கிவிடுமாம். நீர் மாத்திரையும் சேர்ந்துவிட்டது. அடிக்கடி ரத்தம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து என்றார்கள். கடைசியாக எப்போது பார்த்தோம் என்று எங்களுக்கு நினைவில்லை.

"நாப்பது வருஷமா இதைத்தானுங்களே சாப்பிட்டாரு?" என்றேன்.

"மாத்திரை அதேதானுங்க. கிட்னிக்கு வயசாயிருச்சுங்களே" என்றார் அங்கிருந்த டாக்டர்.

ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். "என்னாலயாங்க?" என்று கேட்டேன். "வயசும் இருக்குதுங்க" என்றார் அதே டாக்டர். அந்த மாத்திரை நல்லதா கெட்டதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

காரில் கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் இருந்த மாமன் மச்சான்களுக்கும், காரியத்துக்கு வந்த எல்லோருக்கும் கும்பிடு.

"இதையெல்லாம் நினைவு மலர்ல போடோணுமா அம்மணி?" என்று அண்ணன் கேட்டார். போட வேண்டும் என்றேன். உங்கள் வீட்டிலும் வயசானவர்கள் இருப்பார்கள். டாக்டர் கேட்டால் எல்லா மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.