படகிலிருந்து வந்த ஃபேன்

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் வீட்டுக்குச் சொந்தக்காரர்களுக்குத்தான் இடம் கிடையாது. சாரல் விழத் தொடங்கியதும் முன்னறையை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் என் கணவரும் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் முடங்குவோம். அதற்கு ஜன்னல் கிடையாது, கரண்டும் கிடையாது. கதவைத் திறந்தால் சாரல் நேரே பாயில் அடிக்கும். மூடினால் எனக்கு இளைப்பு வந்துவிடும். கல்யாணமாகி வந்த முதல் சீசனில் மூச்சுக்குத் தவித்து, செத்துவிடுவேன் என்றே பயந்தேன். அது எண்பதுகளின் பாதியில்.

என் அண்ணன் கொச்சியில் பாய்மரப் படகுகளைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை பார்த்தான். மறுவருஷம் சித்திரையில் தென்காசிக்கு, அம்மா வீட்டுக்கு வந்தபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் படகிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தான். கூடவே கறுப்பாக ஒரு சோலார் தகடு.

“படகு ரூமும் இப்படித்தான் டப்பா மாதிரி கெடக்கும். பூட்டிப் போட்டாலும் உள்ள இருக்க புழுக்கத்த இது வெளிய தள்ளிரும். வெயில்லயே ஓடுது. கரண்டே வேண்டாம் ட்டி” என்றான்.

மொட்டை மாடியில் வைத்ததும் ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளே குற்றாலத்துக்கு வந்து, சாமான் அறைக்கு மேல் ஓட்டைப் பிரித்து மாட்டிக் கொடுத்தான். வைகாசி முழுக்க அது ஓடியது. ஆள் இல்லாத அந்த அறைக்குள் அடிக்கடி போய் நின்று, காற்று போகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஆனியில் சாரல் இறங்கியது. நாங்கள் உள்ளே போனோம். ஃபேன் நின்றுவிட்டது.

மேகம் கொஞ்சம் விலகினால் நாலு சுற்று சுற்றும், மறுபடி நிற்கும். எனக்குப் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அரிசி களைவதை விட்டுவிட்டு ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்பேன். வெளியே வந்து மலைப்பக்கம் வெயில் தெரிகிறதா என்று தேடுவேன். மலையே தெரியாது. முன்னறைக்காரர்கள் வாசலில் நின்று, என்ன அருமையான கிளைமேட் என்று சொல்லிச் சொல்லி மாய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் லீவில் வந்த அன்றைக்குத்தான் முன்னறை காலியாகியிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு நான் கதவோரம் சாய்ந்திருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறித் தகட்டைத் துடைத்தான், வயரை இறுக்கினான்.

“ஒண்ணும் கெடல. சாரல் நிக்கட்டும், தானா ஓடும்.”

“சாரல் நின்னா வந்தவங்கல்லாம் போயிருவாங்க. நான் என் ரூமுக்குப் போயிருவேன். பெறகு அது யாருக்குண்ணே ஓடணும்?”

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். மூன்று பேரும் இந்தச் சாரலில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

நான் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். ஜன்னல்கள் அத்தனையையும் திறந்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சாயங்காலம் பெட்டியும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் வாசலில் வந்து ரூம் இருக்கிறதா என்று கேட்டது. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ரூம் இல்ல அண்ணாச்சி” என்றார். “வீட்ல ஆளு இருக்கு.”