மரியதாஸ் போட்ட பூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மனிதரோடு சண்டை போட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே மனிதருக்குப் போன் போட்டுவிட்டுப் பேச முடியாமல் அழுதேன். நடுவில் ஆறு மணி நேரம். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சண்டை ஒரு நீச்சல் குளத்துக்காக. முதலில் ஒரு விளக்கம். என்னிடம் நீச்சல் குளம் கிடையாது. நான் சிங்கப்பூர் கிளமெண்டியில் பதினோராவது மாடிக்காரி. என் வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரே இடம் துணி ஊற வைக்கும் வாளி. குளம் என் தம்பி சரவணனுடையது. காத்தோங் பக்கம் தரைவீடு, அடுக்குமாடி இல்லாத தனி வீடு. பின்புறத்தில் நாலு எருமை இறங்கினால் நிரம்பிவிடும் அளவுக்கு ஒரு குளம்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் தம்பி மனைவி நித்யாவின் அப்பாவுக்குத் திருச்சியில் திடீரென்று ஆபரேஷன். இருவரும் அவசரமாகக் கிளம்பினார்கள். நாலு வயது மகன் கவினை என்னிடம் விட்டுப் போனார்கள். நானும் ஒரு பெட்டியோடு அங்கே குடியேறினேன்.

எனக்கு இரண்டு பொறுப்பு. ஒன்று கவின், இன்னொன்று குளம். கவினைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தையும் எழுதி வைக்கவில்லை... அக்காவுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. குளத்துக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தான். தினமும் வெயில் தாழ்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கப் குளோரின் பொடியைப் போட்டுக் கரைத்து, குளத்தைச் சுற்றி ஓரமாக ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டு நாள் ஒழுங்காக ஊற்றினேன். மூன்றாம் நாள் குளத்துப் பக்கம் போனால் மூக்கு எரிகிறது. சரியான குளோரின் வாடை! நான் என்ன நினைத்திருப்பேன்? குழம்பில் உப்புக் கூடிவிட்டால் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவோமா? பொடி போடுவதை அன்றோடு நிறுத்தினேன். தம்பியிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவனிடம் குளத்து விஷயத்தைப் பேசுவானேன்?

நாலு நாள் போனது. நடுவில் இரண்டு நாள் மழை வேறு கொட்டியது. சனிக்கிழமை காலை பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. வாடை மட்டும் குறையவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. தீபாவளிக்கு வர முடியாத சொந்தக்காரர்களை எல்லாம் மத்தியானம் ஓப்பன் ஹவுஸ் என்று இங்கே சொல்லும் பண்டிகை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கியாகிவிட்டது. பிள்ளைகளிடம் நீச்சல் உடை கொண்டு வரச் சொல்லி மெசேஜும் போயாகிவிட்டது. இந்தக் கழுநீரில் யாரை இறக்குவது? வேறு வழியில்லாமல் குளத்தைப் படம் எடுத்து மரியதாஸுக்கு அனுப்பினேன்.

மரியதாஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து தம்பியின் குளத்தைப் பராமரிப்பவர். ஐம்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டார். ஆனாலும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. வாசலில் வேனுக்குள் அவர் மனைவி சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். மாதா கோயிலில் ஒன்பது மணிப் பூசைக்குப் போகிற வழியாம்.

ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை மொண்டு இரண்டு சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறுமாம். மாறவில்லை.

“குளோரின் சுத்தமா இல்லக்கா.”

வாடை இப்படித் தூக்குகிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்கே நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். போட்ட குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டி ஓய்ந்து போனால்தான் அந்த வாடை வரும், குளோரின் போதுமான அளவில் இருக்கிற குளத்தில் மூக்குக்கு ஒன்றுமே தெரியாது என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் குளத்து ஓரத்து டைல்ஸை விரலால் தடவி, ஒட்டிய பிசுக்கைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்த தலையோடு யாராவது இறங்கினார்களா என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீபாவளிக்கு நானும் இங்கேதான் இருந்தேன். அன்று காலை ஆறு பிள்ளைகள், ஆறு தலையிலும் நல்லெண்ணெய், குளியலறையோ ஒன்றுதான் காலியாக இருந்தது. சீயக்காய் தேய்த்து அலசி முடிக்க யாருக்குப் பொறுமை? பேருக்கு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, மிச்சத்தைக் குளம் பார்த்துக்கொள்ளும் என்று துரத்திவிட்டது யார்? சாட்சாத் நானேதான்.

தீபாவளி முடிந்த வாரத்தில் நம்மவர்கள் வீட்டுக் குளம் பாதி இந்தக் கோலத்தில்தான் இருக்கும் என்றார் மரியதாஸ். எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், ஃபில்டரையும் அடைத்துவிடும். அந்த நேரம் பார்த்து நான் பொடியையும் நிறுத்திவிட்டேன். மீதியை மழை முடித்து வைத்துவிட்டது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஃபில்டரைக் கழுவினார். பொடியை வழக்கத்தைவிடப் பல மடங்கு கரைத்து ஊற்றினார். இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும் முன் வேனிலிருந்து ஒரு பெரிய பூட்டைக் கொண்டு வந்தார். குளத்தைச் சுற்றிக் கண்ணாடி வேலி இருக்கிறது. அதன் கேட்டுக்கு உயரத்தில் ஒரு கொக்கி மட்டும்தான். அந்தக் கேட்டில் பூட்டை மாட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் தம்பி வீட்டுக் குளத்துக்கு இவர் பூட்டுப் போடுவதா? சாவியைக் கேட்டேன். குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெரிகிறதா என்று திருப்பிக் கேட்டார். தெரியவில்லை. அது தெரியும் வரை யாரும் இறங்கக் கூடாது, இன்றைக்கு முடியாது என்றார். பெரியவர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்போம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாட்டோமா என்று நானும் விடவில்லை.

“பாத்துக்கணும்னா மொதல்ல கண்ணுக்குத் தெரியணும்லா, அக்கா.”

சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார். நான் பொருமினேன். இந்த வாரப் பத்தியில் அவரைக் கிண்டலடித்து எழுதத் தலைப்பு வரை யோசித்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். குளம் இல்லை என்றதும் பிள்ளைகள் முகம் தொங்கிப் போனது. கவின் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். பிரியாணி பரிமாறுகிற மும்முரத்தில் நானும் அவனைக் கவனிக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணிக்கு ஊட்டிவிடலாம் என்று தேடினேன். ஆளைக் காணோம். கூடத்தில் இல்லை, மாடியில் விளையாடுகிற பிள்ளைகளோடும் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் ஓடினேன்.

கேட்டை ஒட்டி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். பக்கத்தில் அவனுடைய குட்டிச் செருப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கிடந்தது. உற்றுப் பார்க்கிறேன்... ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒரு பிள்ளை கிடந்தாலும் தெரியாது. திருச்சியில் இருக்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் கையை நம்பி விட்டுப் போன பிள்ளை!

கேட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். பூட்டு அசையவில்லை. அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வேலி என் மார்பு உயரம், வழுவழுக் கண்ணாடி. ஸ்டூல் போட்டாலும் நாலு வயசுப் பிள்ளையால் தாண்ட முடியாது. அப்படியென்றால் உள்ளே இல்லை. எங்கேயோ இருக்கிறான். உள்ளே மட்டும் இல்லை.

பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டான். தம்பியின் அறைக் குளியலறையில், தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள், நீச்சல் கண்ணாடியும் இடுப்பில் ரப்பர் வளையமுமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அள்ளி எடுத்ததில் விழித்துவிட்டான். எங்கே போனாய் என்று கேட்டேன்.

“ஃபர்ஸ்ட்டு பூலுக்குத்தான் போனேன் அத்தை. ஸ்டூல் போட்டுத் தள்ளினேன்... தொறக்கல.”

தொறக்கல. இந்த ஒரு சொல்லுக்காக நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது? செண்பக விநாயகர் கோயில் அந்த வீட்டிலிருந்து பக்கம்தான். அன்று சாயங்காலமே கவினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்தேன். ஆனால் முதல் போன் மரியதாஸுக்குத்தான் போட்டேன். அழுகைதான் வந்தது. என்ன ஆச்சுக்கா, யாரும் உள்ளே இறங்கிட்டாங்களா என்று அவர் பதறினார். இல்லை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தம்பியிடம் அன்று இரவே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொடியை நிறுத்தியதிலிருந்து, சாவிக்குச் சண்டை போட்டது வரை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம் கவினிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் பெரிய நன்மை செய்தவர்கள் பலரோடும் நான் முதலில் சண்டை போட்டிருக்கிறேன். ஆமாம் போடுகிறவர்களுக்கு உடனே நன்றி சொல்லிவிடுகிறோம். முடியாது என்று சொல்லிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைத்தான் புரிந்துகொள்ள நேரமாகிறது. அதற்குள் நன்றாகத் திட்டிவிடுகிறோம்.

திங்கட்கிழமை மாலை மரியதாஸ் வந்தார். குப்பியில் இளஞ்சிவப்பு வந்தது. குளத்தின் அடியில் வடிகால் மூடி, அதன் மேல் ஒட்டிய ஓர் இலை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வாடையே இல்லை. கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொல்லும்போதே மறுபடி அழுதேன். நீங்கள் மட்டும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன்.

அவர் பையனின் தலையை ஒரு முறை தடவினார். கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும்க்கா. மொதல்ல அந்த ஸ்டூல உள்ள எடுத்து வைங்க.”

எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் வீட்டு ஸ்டூல் இப்போது எங்கே இருக்கிறது?