மண்சரிவு போர்டு, மூன்றாவது காம்பிரா

கூரியர் பொதி சுமப்பவர்கள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவதைவிட ரோட்டோரப் போர்டுகளைப் பார்த்து ஓட்டுவதுதான் அதிகம் என்பதை, இதை வாசிக்கும் சக சுமைதாரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டம் முடித்து இரண்டு வருடம் வேலைக்குக் காத்திருந்துவிட்டு, பசறையில் ஒரு கூரியர் கடையில் சேர்ந்தேன். ஸ்கூட்டி என்னுடையது, மழைக்கோட்டு கடையினுடையது. பசறையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் போகும் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டங்கள் எனக்கு. யாரையும் நிறுத்தி வழி கேட்க எனக்குக் கூச்சம். போர்டுகளிடம் அந்தத் தொல்லை இல்லை, நாம் எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் "என்ன புள்ள வேணும்?" என்று கேட்காது.

பொட்டு வைத்த போர்டு

தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரைப் போட்டு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் மேசையில் கிடந்து, கிளாக்கருக்கு நினைவு வரும்போது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கைக்கு வரும். அதனால் என் பாதையில் இருப்பவர்களுக்கு நானே முகவரி வைத்துக் கொடுத்தேன். கொழுந்தெடுக்கும் புஷ்பம் அக்காவின் முகவரி: மேல் டிவிஷன், மண்சரிவு போர்டு, மூன்றாவது காம்பிரா. (காம்பிரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அறை.)

"மண்சரிவு அபாய வலயம். இங்கு தங்குவதைத் தவிர்க்கவும்" என்று மூன்று மொழியில் எழுதிய மஞ்சள் போர்டு அது. அதற்குப் பின்னால் ஆறடி தள்ளிப் பத்துக் குடும்பம் தங்கியிருந்தது. சரஸ்வதி பூசைக்கு மறுநாள் போனபோது, அம்மிக்கும் மண்வெட்டிக்கும் வைத்ததுபோல அந்தப் போர்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். புஷ்பம் அக்கா சிரிக்கவில்லை. "வேற எடத்துல வீடு கட்டித் தாறோம்னு வாயால சொன்னவங்க மறந்துருவாங்க புள்ள. இதை நட்டது அவங்கதானே? இது நிக்கிற வரைக்கும் எங்களுக்கு வீடு பாக்கி."

இருபத்தைந்து

அந்த மேல் டிவிஷனுக்கு ஏறும் பாதையின் தொடக்கத்தில், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சிவப்பு வட்டம் போட்ட போர்டு நிற்கிறது. அதைத் தாண்டினால் தார் இல்லை. கல், அதற்கடுத்துக் குழி, அதற்கடுத்து தண்ணீர் நிற்கிற குழி. என் ஸ்கூட்டியின் முள் பத்தைத் தொட்டதே இல்லை.

ஒருநாள் சக்கரம் குழியில் சிக்கி நான் விழப்போனபோது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கித் தூக்கிவிட்டார். அவருடைய ஆட்டோவுக்குள் பிரசவ வலியோடு ஒரு பெண், மடியில் துணி மூட்டையோடு அவளுடைய மாமியார். மன்னிப்புக் கேட்டு ஓரமாக ஒதுங்கினேன். அவர் போர்டைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "இந்த ரோட்டுல இருபத்தஞ்சுல ஓட்டிக் காட்டுறவனுக்கு என் ஆட்டோவையே எழுதிக் குடுக்குறேன் மிஸ்."

சத்தம் போடாதீர்

இன்னும் இரண்டு வளைவு ஏறினால், ஊதுகுழலுக்குக் குறுக்கே கோடு போட்ட போர்டு. "அமைதி காக்கவும். முன்னால் வைத்தியசாலை." முன்னால் இருப்பது தோட்டத்து மருந்து வீடு. டொக்டர் ஐயா ஓய்வு பெற்றுப்போன பிறகு யாரும் வரவில்லை. கூரைத் தகரத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. நோயாளிகள் உட்காரும் வாங்கில் இரண்டு ஆடுகள் படுத்திருக்கும்.

காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கி வந்த ஓர் அம்மாவை அங்கே பார்த்தேன். நான் பழக்கதோஷத்தில் ஹோர்ன் அடிக்காமல் அவள் பக்கத்தில் மெதுவாக வந்தேன். திடுக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினாள். மன்னிப்புக் கேட்டுப் போர்டைக் காட்டினேன். (இந்த வேலையில் நான் அதிகம் பேசிய வார்த்தை மன்னிப்பு.) அவள் சொன்னாள்: "சத்தம் போட்டாலாவது எவனாச்சும் வருவானான்னு பாக்குறோம், அதையும் வேணாங்குது."

இங்கே படம் எடுக்கலாம்

போன வருடம் பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றினார்கள். உடனே ஒரு புதுப் போர்டு வந்தது. நீல நிறம், கமராப் படம், நமுனுகுல மலையைக் காட்டும் அம்புக்குறி. அதுவரை சிமெந்து ஏறாத பாதையில் அந்த ஒரு திருப்பம் மட்டும் சிமெந்து கண்டது.

மலைக்கு முன்னால் தேயிலை, தேயிலைக்குள் புஷ்பம் அக்காவும் மற்றவர்களும். பயணிகள் வந்த வான்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பொதிக்குக் கையெழுத்து வாங்க நான் தேயிலை மலைக்குள் இறங்கினேன். அக்கா கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே கையெழுத்துப் போட்டார். "மகள் ஃபோன் எடுத்துப் பேசினாளா?" என்று கேட்டேன். மகள் செல்வி கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை. புது வீட்டுக்கான படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பி, அம்மாவின் கையெழுத்துக்காக கூரியரில் அனுப்புகிறாளாம். வெள்ளிக்கிழமைக்குள் பிரதேச ஆபீஸில் கொடுக்கவேண்டும். "உன் கையில வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை" என்ற அக்கா, வான்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வெள்ளைக்காரம்மா என்னைய சிரிக்கச் சொல்லுது. கால்ல அட்டை ஏறிக்கிட்டு இருக்கு, எப்புடி புள்ள சிரிக்கிறது?"

முகவரி இல்லை

அந்த வாரம் பார்த்து எனக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என் பாதையைக் கடை முதலாளி ரிஸ்வான் நானாவே எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் மேல் டிவிஷன் அவருக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை கடைக்கு வந்தபோது, திருப்பி அனுப்பும் பொதிகளின் தட்டில் செல்வியின் உறை இருந்தது. மேலே நானாவின் கையெழுத்தில், "முகவரி இல்லை."

"போர்டே இல்ல தங்கச்சி, நான் என்ன செய்ய?" என்றார். "ரெண்டு நாளும் ஏறினேன். லயம் லயமாப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி. ஆள் எல்லாம் மலையில. நம்பருக்கு எடுத்தா சிக்னல் இல்ல."

நான் நம்பவில்லை. உறையை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். போர்டு நின்ற இடத்தில் இரண்டு குழி மட்டும் இருந்தது. பங்களாவுக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று பங்களா ஆட்கள் புதன்கிழமை மத்தியானம் பிடுங்கிக்கொண்டு போனார்களாம். நான் வைத்த முகவரி அது. அதை நம்பித்தான் செல்வி உறையில் எழுதியிருந்தாள். புஷ்பம் அக்கா காம்பிராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் செல்வி பென்சிலால் சிறிய புள்ளி வைத்திருந்தாள். அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது கெடக்கட்டும்," என்றார். "உன் இன்டவியூ என்னாச்சு புள்ள?"

ஐயாவின் கேள்வி

திங்கட்கிழமை அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிரதேச ஆபீஸுக்குப் போனேன். யன்னலுக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டிப் பேசினேன். பிந்திய படிவத்தை எடுக்க முடியாது என்றார் யன்னலுக்குள் இருந்த ஐயா. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாரோ என் குரலைக் கேட்டாரோ, புதன்கிழமை வந்து இடத்தைப் பார்ப்பதாகவும், அபாய வலயம் என்றால் ஏதாவது செய்யலாம் என்றும் சொன்னார். "போர்டு இருக்குதானே?" என்றார்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்துப் போட்ட பிறகு, லயத்துப் பெண்கள் ஆறு பேரும் நானும் போர்டைத் தேடினோம். கீழ் வளைவில், கொய்யா மரத்துக்குப் பின்னால், யாருமே வசிக்காத பள்ளத்தைப் பார்த்தபடி சாய்த்து வைத்திருந்தார்கள். குங்குமம் மழையில் கரைந்து மூன்று மொழியிலும் வழிந்திருந்தது. இரும்புக் குழாய்களை அவர்கள் தோளில் எடுத்தார்கள். தகரத்தைக் கழற்றி என் ஸ்கூட்டியில், பொதி கட்டும் கயிற்றால் கட்டி நான் ஏற்றிப் போனேன். பழைய குழிகளிலேயே நட்டுக் கல் வைத்து இறுக்கினோம்.

புதன்கிழமை ஐயா சொன்னபடியே வந்தார். போர்டைப் படம் எடுத்தார். பத்துக் காம்பிராவையும் எண்ணினார். பின்சுவரில் கை நுழையும் அளவு இருந்த வெடிப்பைப் பார்த்தார். படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார். ஜீப்பில் ஏறும் முன், தமிழிலேயே, கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டார்: "இவ்வளவு பெரிய போர்டு போட்டிருக்கு. வாசிச்ச பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறீங்க?"

புஷ்பம் அக்கா முந்தானையால் போர்டின் ஓரத்துச் சேற்றைத் துடைத்தபடி சொன்னார்: "எங்க போறதுன்னு அதுல எழுதலையே ஐயா."

படிவம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது, எனக்கும் நேர்முகப் பரீட்சையின் முடிவு வரவில்லை, செல்வியும் பழையபடி அதே முகவரியைத்தான் எழுதி அனுப்புகிறாள். இந்தப் பாதையில் ரிஸ்வான் நானாவால்கூட இப்போது தவறாமல் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே வீடு, யாரும் தங்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கும் அந்த வீடுதான்.