பாப்பாக்கா வைத்த கெளுத்திக் குழம்பு

மகாபலிபுரத்துக்குத் தெற்கே உப்பங்கழியை ஒட்டி நான்கு அறைகள் கொண்ட ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. கழியில் இருக்கும் மீனிலும் நண்டிலும் கொக்கு முட்டையிலும் என்னென்ன நஞ்சு சேர்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. அன்று நான் எழுதித் தள்ளிய கட்டுரைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அங்கே சமைத்துப் போட்ட பாப்பாக்காவைத்தான் மறக்க முடியவில்லை.

கூலிக்கு வயல் வேலை செய்த குடும்பம். வயல்கள் மனைகளானதும் புருஷன் தேவசகாயம் கட்டட வேலைக்குப் போனார், அக்கா எங்களிடம் வந்தார். நுழையும்போதே என்னை ஒரு அதட்டல். "இன்னாம்மா சஹானா, இன்னும் குளிக்கலயா?" டாக்டர் பட்டம் வாங்கியவராகவே இருந்தாலும் தட்டைக் கழுவாமல் எழுந்தால் திட்டு விழும். அந்தத் திட்டைக் கேட்க இப்போது ஏக்கமாக இருக்கிறது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யார் மீன் வாங்கி வந்தாலும் சமையலறை ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் சமைத்துவிடுவார். ஒருநாள் ஆய்வகத்து ஃப்ரீசர் பழுதாகிவிட, எங்கள் தலைவர் சுப்புராமன் சோதனைக்குப் பிடித்து வைத்திருந்த கெளுத்தி மீன்களையெல்லாம் சமையலறை ஃப்ரீசருக்கு மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

மறுநாள் மதியம் மாங்காய் போட்ட கெளுத்திக் குழம்பு. அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சுப்புராமன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தவர் போட்ட கூச்சலில் கூடமே அதிர்ந்தது.

"மீன வெச்சா சமைக்கத்தான சார்?" என்றார் அக்கா. "வால்ல கட்டின சீட்டெல்லாம் பத்திரமா கீது. கழுவிக் காயப் போட்டுக்கிறேன்."

ஜன்னல் கம்பியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த சீட்டுகளைப் பார்த்ததும் சுப்புராமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு ராத்திரி வரைகூடத் தாங்கவில்லை. அவற்றோடு பிடித்த மீன்களில் ஒரு பாதி முன்பே சென்னைக்குச் சோதனைக்குப் போயிருந்தது. முடிவைச் சொல்லிப் போன் வந்தது. பாதரசம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். அம்மாவுக்குப் போன் செய்து நான் அழுதேன். ஒரு வேளைச் சாப்பாட்டால் ஒன்றும் ஆகாது என்பது படித்த எங்களுக்குத் தெரியும். இருந்தும் மறுநாள் காலையில் ரத்தப் பரிசோதனைக்குச் சென்னை போக வேன் வந்து நின்றது.

அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அதட்டல் இல்லை.

"நாங்க தெனம் அந்த மீனத்தான சார் துன்றோம். எங்க வூட்டுக்காரரு வேல முடிஞ்சி வந்து வலை போட்டுப் புடிக்கறது அதான். எம் பொண்ணு ஷாரோன் முழுகாம கீறா. வண்டில அவளுக்கு ஒரு எடம் கீதா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இத்தனை காலம் மீனை அறுத்து அறுத்துப் பார்த்தோம், அதைத் தின்கிறவர்கள் எங்கள் அடுப்படியிலேயே இருந்தார்கள். நான் இறங்கிக்கொண்டேன். என் இடத்தில் ஷாரோன் உட்கார்ந்து போனாள்.

அவள் ரத்தத்திலும் பாதரசம் இருந்தது. கழி மீனை நிறுத்தச் சொன்னார் டாக்டர். அன்றே தேவசகாயம் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார். பிரசவம் ஆகும்வரை அக்கா சரியாகத் தூங்கவில்லை. பிறந்த ஜாக்குலின் குறையில்லாமல் வளர்ந்து இன்று ஏழாவது படிக்கிறாள்.

ஆய்வுக்கூடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்காகக் கடல் மீன் வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். அதே கைதான். ஜாக்குலினும் என்னோடு சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாக் கீதா?"

"நல்லா இருக்குக்கா."

"பொய் சொல்லாத. அந்த மீனு ருசியே வேற."

"எந்த மீனு ஆயா?" என்றாள் ஜாக்குலின்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவள் தட்டில் இன்னொரு துண்டை எடுத்து வைத்தார்.

"அது உனுக்கு வேணாம். இத்தத் துன்னு."